ஊழியர்கள் சிலர்

அந்தச் செய்தியில் 'சிலர்' என்ற சொல்லை நான் எழுதியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம் உண்டு. எங்களுடையது மாலை நாளிதழ். பதினொன்றரைக்குக் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். இரண்டு மணிக்குள் தெருமுனைக் கடைகளில் இதழ் தொங்க வேண்டும். பத்தரை ஆனதும் செய்தி ஆசிரியர் தன் நாற்காலியை விட்டு எழுந்து, ஒவ்வொரு நிருபரின் முதுகுக்குப் பின்னாலும் இரண்டு நிமிடம் நிற்பார். எதுவும் சொல்லமாட்டார். அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். அன்று என் பின்னால் அவர் வந்து நின்றபோது திரையில் 'ஊழியர் ஒருவர் தெரிவித்தார்' என்று இருந்தது. அவர் கையை நீட்டி 'ஒருவர்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். நான் அதை அழித்துவிட்டு 'ஊழியர்கள் சிலர் தெரிவித்தனர்' என்று மாற்றினேன். அவர் அடுத்த முதுகுக்கு நகர்ந்தார்.

எங்கள் அலுவலகத்தில் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத வழக்கம் அது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே படிந்துவிடும். ஒருவர் சொன்னால் 'சிலர்'. இருவர் சொன்னால் 'பலர்'. யாருமே சொல்லாமல் நிருபருக்கே தோன்றியிருந்தால் 'பரவலாகப் பேசப்படுகிறது'. எதிர்முனையில் மணி மூன்று முறை அடித்து ஓய்ந்தால் 'பலமுறை தொடர்புகொண்டும் பதில் இல்லை'. தேநீர் நேரத்தில் இவற்றைச் சொல்லிச் சிரிப்போம். வீட்டுக்குச் சிலர் வருகிறார்கள் என்று மனைவி சொன்னதும், விளையாட்டுச் செய்தி எழுதுபவர் ஒரே ஒரு தம்ளரை எடுத்துவைத்தார் என்பது எங்களுக்குள் உலவிய கதை.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருந்தது. தகவல் சொன்னவரைக் காப்பாற்ற வேண்டும். ஒருத்தர் என்று போட்டால் ஆளைத் தேடுவார்கள், சிலர் என்று போட்டால் தேடிக் களைத்துவிடுவார்கள் என்பது செய்தி ஆசிரியர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அவர் அதை நம்பினார். நானும் நம்பினேன். அந்தச் சொல்லை ஒரு போர்வை போல இழுத்து மூடிவிட்டுத்தான் அன்று மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தேன்.

போர்வைக்குள் இருந்தவள் என் அக்கா.

அக்கா லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் அலுவலக எழுத்தர். மொத்தமே பதினொரு பேர்: மேலாளர், அக்கா, உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர், எட்டு மெக்கானிக்குகள். நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். ஐந்தாவது மாடி. எங்கள் கட்டடத்து லிஃப்டும் அவர்கள் பராமரிப்பில் இருப்பதுதான்; அது எப்போதாவது நின்றுவிட்டால் அண்டை வீட்டார் நிறுவனத்தைக் கூப்பிடாமல் நேராக அக்காவைக் கூப்பிடுவார்கள்.

செய்திக்கு முந்தைய நாள், வேறொரு குடியிருப்பில் லிஃப்ட் ஒன்று மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே தடாலென்று இறங்கி நின்றது. உள்ளே இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்குக் காலெலும்பு முறிந்தது. மாலையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது பேச்சு அதன் மேல் வந்தது.  அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அந்தக் கட்டடம் எங்களோடதுதான்டா. இந்த மாசத்துக்கான சோதனைச் சீட்டுல எல்லாம் ஒண்ணாம் தேதியே கையெழுத்து ஆயிடுச்சு. முத்திரை குத்தினது நான்.”

சோதனைச் சீட்டு என்பது ஒவ்வொரு லிஃப்டையும் மாதம் ஒரு முறை பார்த்ததற்கான அத்தாட்சி. அதில் மூன்று கட்டங்கள்: தேதி, மெக்கானிக்கின் கையெழுத்து, 'உடனிருந்தவர்' கையெழுத்து. மூன்றாவது கட்டத்தில் காவலாளியோ குடியிருப்பவரோ எதையும் பார்க்காமலே கிறுக்கிக் கொடுப்பது வழக்கம். அந்த நிறுவனத்தில் முதல் இரண்டு கட்டங்களும் அப்படித்தான் நிரம்பின. மேலாளருக்குக் கோப்பு முழுமையாக இருக்க வேண்டும். அதனால் மாதத்தின் முதல் நாளே எட்டுப் பேரையும் உட்காரவைத்து, வரப்போகும் தேதிகளுக்கெல்லாம் கையெழுத்து வாங்கிவிடுவார். பிறகு நேரம் இருந்தால் போய்ப் பார்ப்பார்கள்.

அக்காவின் கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுப்பவர். மாமாவுக்கு எதையும் வண்டியோடு பொருத்திப் பார்த்தால்தான் விளங்கும். “அதாவது லைசென்ஸைக் கையில குடுத்துட்டு, அப்புறமா பிரேக் எதுன்னு காட்டற மாதிரி” என்றார். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், குழாயைத் திறப்பதற்கு முன் திரும்பி, “இதையெல்லாம் வெளியில சொல்லிட்டிருக்காதே” என்றாள். நான் தலையசைத்தேன்.

அந்தத் தலையசைப்பைத்தான் நான் பிறகு பல நாள் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னது யாருக்கும் விளங்கக்கூடியது. ஆனால் எங்கள் தொழிலில் யாராவது 'வெளியில சொல்லாதீங்க' என்றால், பெயரைப் போடாமல் மற்றதையெல்லாம் போடலாம் என்று எடுத்துக்கொள்வோம். அன்று நான் தம்பியாகத் தலையை அசைத்தேன்; மறுநாள் காலை அதை நிருபராகப் புரிந்துகொண்டு, சீட்டு விஷயத்தைச் செய்தியாக எழுதினேன். இடையில் ஓர் இரவு இருந்தது. அக்காவை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்திருந்ததால் கேட்கவில்லை.

செவ்வாய் மாலை அக்கா இதழை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து, காலையிலிருந்தே பதில்களைத் தயாரித்து வைத்திருந்தேன். அவள் சண்டை போடவில்லை. மேசையில் இதழைப் பிரித்து, என் வரியின் கீழ் விரலை ஓட்டினாள். முகத்தில் நான் எதிர்பாராத ஒரு வெளிச்சம் இருந்தது.

“சிலர்னு போட்டிருக்கே. எங்க ஆபீஸ்ல வேற யாரெல்லாம் உன்கிட்ட பேசினாங்க?”

“அதெல்லாம் சொல்லக் கூடாதுக்கா” என்றேன். சொன்னபோது கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன், தொழில் ரகசியம் தெரிந்தவன் சிரிக்கும் சிரிப்பு.

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. இத்தனை வருடமாகத் தன் ஒருத்திக்குத்தான் உறுத்துகிறது என்று நினைத்திருந்ததாகவும், பரவாயில்லை, இன்னும் யாருக்கோ உறுத்தியிருக்கிறது என்றும் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையிலிருந்து எனக்குக் கேட்டது. எழுந்து போய், அப்படி யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு நான்கே அடி தூரம்தான். போகவில்லை. அவள் சந்தோஷத்தை ஏன் கெடுப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என் சந்தோஷத்தை என்று இப்போது தெரிகிறது.

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை, பக்கங்கள் எல்லாம் போய் அலுவலகம் அசந்திருந்த வேளையில், வரவேற்பறையில் எனக்கு ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஒல்லியாக, நெடுநெடுவென்று ஒருவர் நின்றிருந்தார். கையில் கண்ணாடித்தாள் உறை. உறைக்குள் என் செய்தி, கத்தரித்து, 'ஊழியர்கள் சிலர்' என்ற இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு.

அவரை நிறுவனத்தில் 'கயிறு' என்று அழைப்பார்களாம். லிஃப்டைத் தாங்கும் எஃகுக் கயிறுகளைப் பார்ப்பது அவர் வேலை. உடம்பும் அதற்குத் தோதாக இருந்தது. தன்னையும் 'கதவு' என்ற இன்னொருவரையும் மேலாளர் இடைநீக்கம் செய்துவிட்டார் என்றார். காரணம், பத்திரிகையில் 'சிலர்' என்று இருக்கிறது. ஒருவர் என்றால் யாரோ வாய்தவறி உளறியது. சிலர் என்றால் கூடிப் பேசிச் செய்தது. நிறுவனத்தில் இதற்கு முன் கூடிப் பேசியவர்கள் இவர்கள் இருவர்தான்: உயரத்தில் வேலை செய்ய இடுப்பு வார் வேண்டும் என்று சென்ற ஆண்டு ஒரே தாளில் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் நிரூபணமானால் வேலை போய்விடும்.

“கதவு யாருன்னு உங்களுக்குத் தெரியாது சார். கதவு சரிபார்க்கறவன்கிறதுக்காக மட்டும் அந்தப் பேரு இல்லை. வாயைத் திறக்கவே எண்ணெய் போடணும். அவன் பொண்டாட்டிகிட்டயே நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவான். அவன் போய் பத்திரிகைக்காரன்கிட்ட பேசினான்னா, அவளே நம்ப மாட்டா.”

அவர் கேட்டது மிகச் சிறிய விஷயம். தகவல் சொன்னது யார் என்று சொல்ல வேண்டாம். தாங்கள் இருவரும் இல்லை என்று மட்டும் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்.

நான் அவரை அழைத்துக்கொண்டு செய்தி ஆசிரியரிடம் போனேன். அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார். யார் சொன்னார்கள் என்று சொல்வதில்லை. யார் சொல்லவில்லை என்றும் சொல்வதில்லை. பதினொரு பேர் உள்ள இடத்தில் இன்று இரண்டு பேரைக் கழித்தால், நாளை இன்னும் இரண்டு பேர் தாளோடு வந்து நிற்பார்கள், கடைசியில் மிஞ்சுகிறவர் மாட்டிக்கொள்வார். இதில் குறை காண எதுவுமில்லை. கடைசியில் மிஞ்சுகிறவர் யார் என்று தெரிந்திருந்த எனக்கு அதில் ஆறுதல்கூட இருந்தது. கயிறு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புரிகிறது சார் என்று எழுந்தார்.

வாசற்படி வரை கூட நடந்தேன். கடைசிப் படியில் அவர் நின்று, முதல்முறையாக என் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

“நீங்க அந்த அஞ்சாம் மாடி தானே? போன மழையில லிஃப்ட் நின்னப்போ எனக்கு டார்ச் பிடிச்சீங்களே.”

ஆமாம் என்றேன்.  ஐந்தாம் மாடியில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடித்தாள் உறையை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவர் அங்கிருந்து நேராகப் போய் ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால், வெள்ளிக்கிழமை விசாரணையே இருந்திருக்காது.

“அக்காவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?” என்று கேட்டார். “படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாராமே. பார்த்துக்குங்க தம்பி.”

வந்தபோது சார் என்றவர் போகும்போது தம்பி என்றார். அந்தத் தெருவின் திருப்பம் வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் செய்தியில் நான் காப்பாற்றியதாக நினைத்தவளை உண்மையில் காப்பாற்றிக்கொண்டு போனது அந்த முதுகு.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இடைநீக்கம் பற்றி அவளுக்குத் தெரியுமா என்றுதான் தொடங்கினேன். மடிப்பதை நிறுத்தாமலே, “தெரியுமாவா? ரெண்டு கடிதத்தையும் டைப் பண்ணினதே நான்தான்” என்றாள். நிறுவனத்தின் விதிப் புத்தகத்தில், தனியாள் ஒருவர் வெளியில் தகவல் சொன்னால் எச்சரிக்கைக் கடிதம். கூட்டாகச் சேர்ந்து சொன்னால் பணிநீக்கம். அந்தப் புத்தகத்தை டைப் செய்ததும் அவள்தான்.

“ஏன்கா என்கிட்ட சொல்லலை?”

“நீதான் சிலர்னு எழுதியிருந்தியே. அவங்களும் உன்கிட்ட பேசியிருக்காங்கன்னு நினைச்சேன். பேசின மூணு பேர்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க, நான் தப்பிச்சுட்டேன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.” கையிலிருந்த சட்டையை மடியில் வைத்தாள். “எத்தனை பேர்டா?”

“நீ மட்டும்தான்.”

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதில் எனக்கும் ஒரு வேலை கிடைத்திருக்கும். அவள் மடித்த சட்டையைப் பிரித்து, மறுபடி மடித்தாள். மாமா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, பாதியில் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை அக்கா வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகக் கிளம்பினாள். என்ன நடந்தது என்று மாலையில் அவளே சொன்னாள், காய்கறி விலை சொல்வதுபோன்ற குரலில். மேலாளரின் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சிலர் நான்தான் என்று சொல்லியிருக்கிறாள். தம்பி பத்திரிகையில் இருப்பதையும், சாப்பாட்டு மேசைப் பேச்சையும், முத்திரை குத்திய கையின் உறுத்தலையும் சொல்லியிருக்கிறாள். மேலாளர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டிருக்கிறார். பிறகு கோப்பைத் திறந்து, இரண்டு பெயர்களுக்குக் கீழே மூன்றாவதாக அவள் பெயரை எழுதியிருக்கிறார்.

“அப்போ மூணு பேரு” என்றாராம். “நானும் நினைச்சேன், சிலர்னா ரெண்டு கொஞ்சம் குறைச்சலா இருக்கேன்னு.”

நான் ஒருத்திதான் என்று அக்கா திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். கூட்டாளிகளைக் காப்பாற்றப் பழியை ஏற்கிற நல்ல மனசு என்று மேலாளர் பாராட்டினாராம். அச்சில் இருக்கிறது, அம்மா. அச்சில் இருப்பதை நம்புவதா, நீங்கள் சொல்வதை நம்புவதா என்று கேட்டாராம். அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை அவர் கையில் கொடுத்தவன் நான்.

வெள்ளிக்கிழமை காலை பக்கங்கள் முடிந்ததும் செய்தி ஆசிரியரிடம் போய், திருத்தம் ஒன்று போட வேண்டும் என்றேன். 'ஊழியர்கள் சிலர்' என்பதை 'ஊழியர் ஒருவர்' என்று படிக்கவும். ஒற்றை வரி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். அக்கா விஷயம் முழுவதையும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. உண்மையான வருத்தம். ஆனாலும் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

“ஒரே ஒரு சிலரைத் திருத்தினோம்னா, இருபது வருஷத்துச் சிலரையெல்லாம் ஒவ்வொண்ணா எண்ணிக் காட்டச் சொல்வாங்கப்பா. எண்ண முடியுமா நம்மால?”

“அன்னிக்கு நீங்கதான் விரலை வெச்சீங்க.”

“வெச்சேன். விரல் என்னோடது, எழுத்து உன்னோடது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பத்திரிகைத் தாள்ல எழுதாதே. உன் பேர்ல, உன் தாள்ல எழுதிக்கிட்டுப் போறதுன்னா, நான் பார்க்கலை.”

விசாரணை மூன்று மணிக்கு. வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் முந்நூறு சொல் எழுதுகிறவன் நான். அன்று ஐந்து வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. முதலில் 'சிலர் என்று தவறுதலாக அச்சாகிவிட்டது' என்று வந்தது. அச்சு இயந்திரத்தின் மேல் பழி. கிழித்தேன். அடுத்து 'எழுத நேர்ந்தது'. நேர்ந்தது என்றால் யாருக்கோ நேர்ந்தது. அதையும் கிழித்தேன். 'மரபு கருதி' என்று ஒன்று, 'நல்லெண்ணத்தில்' என்று ஒன்று. என் கை பழகியிருந்த வாக்கியங்களில் ஒன்றில்கூட 'நான்' இருக்கவில்லை. கடைசியில் தாளில் நின்றவை இவைதான்: 'எனக்குத் தகவல் சொன்னவர் ஒருவர். அவர் என் அக்கா. அதை வெளியில் சொல்ல வேண்டாம் என்றும் அவர் சொன்னார். நான் சிலர் என்று எழுதினேன். அது உண்மையில்லை என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.'

நிறுவனத்தின் அலுவலகம் ஒரு தரைத்தள அறை. சுவரோரமாகப் பழைய கப்பிகள் கிடந்தன. நீள மேசையின் ஒரு பக்கம் மேலாளர். எதிர்ப்பக்கம் கயிறு, அவரருகில் பருத்த, வெட்கப்பட்ட முகத்தோடு ஒருவர். அவர்தான் கதவு. அக்கா மூன்றாவது நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அவள் பார்வை கப்பிகளுக்குப் போனது. மேலாளர் என் தாளை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை சத்தமாகப் படித்தார். கயிறும் கதவும் பேசவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டார். அவர் குரலில் தோற்றவரின் சாயல் இல்லை. ஏதோ கிடைத்துவிட்டவர்போல இருந்தார்.

“ஆக, இந்தச் சிலர் பொய். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்போ அந்தச் செய்தியில மிச்சமிருக்கறது மட்டும் எப்படி நிஜமாகும் தம்பி?”

சீட்டு விஷயம் உண்மை என்றேன். எல்லாருக்கும் தெரியும் என்றேன்.

“எல்லாருக்கும்னா எத்தனை பேரு?” என்றார் மேலாளர். “ஒருத்தரா?”

 கதவு மட்டும் மேசையைப் பார்த்துச் சிரித்தார். அன்று அவர் எழுப்பிய ஒரே ஒலி அதுதான்.

அடுத்த வாரம் போட்டிப் பத்திரிகையில் நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது. தங்கள் பராமரிப்பைப் பற்றி வெளியான செய்தி கற்பனை என்பதைச் செய்தியாளரே எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றது அது. என் செய்தியைப் பார்த்துச் சீட்டுகளைச் சோதிப்பதாக இருந்த அரசு அதிகாரி அந்த அறிவிப்பை இணைத்துக் கோப்பை மூடினார். தபால்காரரின் மகன் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, என்ன இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. விளங்காமல் கேட்டார். என்னை நிகழ்ச்சி நிரல் பக்கத்துக்கு மாற்றினார்கள். எந்த அரங்கில் எத்தனை மணிக்கு என்ன என்று எழுதுவது. அங்கே யாரும் எதையும் தெரிவிப்பதில்லை.

அக்காவுக்கு விதிப்படி எச்சரிக்கைக் கடிதம். அதையும் அவளே டைப் செய்து, அவளே கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்த ஒன்றாம் தேதி சீட்டுகள் வந்தபோது, அந்தந்தத் தேதி வரட்டும், குத்துகிறேன் என்று முத்திரையை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாளாம். மேலாளர் முத்திரையை எடுத்துக் கிடங்குக்காரரிடம் கொடுத்துவிட்டார். கயிறு வேலைக்குத் திரும்பினார். கதவு திரும்பவில்லை. எங்கே போனார் என்று கேட்டு அவர் வீட்டுக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. இந்த 'பதில் இல்லை' மட்டும் உண்மையான 'பதில் இல்லை'.

வீட்டில் அக்கா என்னோடு பழையபடிதான் பேசினாள். ஒன்று மட்டும் மாறியிருந்தது: அலுவலகத்தில் நடந்த எதையும் சாப்பாட்டு மேசையில் சொல்வதில்லை. மாமாவும் நானும் வண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டோம். அவள் லிஃப்டிலும் ஏறுவதில்லை. ஐந்து மாடியையும் படியில்தான் ஏறினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் நானும் நிற்பேன். முட்டி வலி பற்றி நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால் அவள் நடக்கத் தொடங்கிவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை முற்பகல், கடைக்குப் போய்விட்டு இருவரும் பைகளோடு திரும்பினோம். தரைத்தளத்தில் லிஃப்ட் திறந்திருந்தது. எதிரே கயிறு கருவிப்பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

“படியில போகாதீங்க அக்கா. லிஃப்டைப் பார்த்தாச்சு.”

“எப்போ பார்த்தீங்க? ஒண்ணாம் தேதியா?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இப்போதான். கையைப் பாருங்க, கிரீஸ் இன்னும் காயலை.” இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து சோதனைச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். தேதி அன்றைய தேதி. மெக்கானிக்கின் கையெழுத்தும் ஆகியிருந்தது. மூன்றாவது கட்டம் காலி.

“காவலாளி சாப்பிடப் போயிட்டாரு. நீங்க ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி.”

பையைக் கீழே வைத்து, பேனாவை வாங்கிக்கொண்டேன். உடனிருந்தவர். தாளைச் சுவரில் வைத்து அழுத்திப் பிடித்தேன். பேனா முனை கட்டத்தின் மேல் நின்றது.  அக்கா பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள், அதில் தேட எதுவும் இல்லை.

“நான் உடன் இல்லையே” என்றேன்.

“இன்னும் மூணு கட்டடம் இருக்கு எனக்கு.”

“தெரியுது. இன்னொரு தடவை எனக்காகக் காட்ட முடியுமா?”

கயிறு என்னைப் பார்த்தார், மூடிய பெட்டியைப் பார்த்தார், பிறகு அக்காவிடம் திரும்பினார். “உங்க தம்பியால எனக்கு எப்பவுமே ரெட்டை வேலைதான் அக்கா.” அவர் குரலில் விளையாட்டு கொஞ்சம்தான் இருந்தது. மீதி களைப்பு. ஆனாலும் குனிந்து பெட்டியைத் திறந்தார்.

அக்கா போகவில்லை. முதல் மாடிக்குப் போகும் படிகளில் ஐந்தாவதில் பைகளோடு உட்கார்ந்துகொண்டாள். கயிறு முதல் மாடியில் லிஃப்டின் வெளிக்கதவைத் தனிச் சாவியால் திறந்தார். கீழே நின்ற லிஃப்டின் கூரை இருட்டில் தெரிந்தது. ஒரு குளிர்ந்த எண்ணெய் வாடை மேலே வந்தது. டார்ச்சை என் கையில் கொடுத்து, கயிறுகள் கூரையில் பூட்டப்பட்டிருக்கும் இடத்தில் வெளிச்சம் காட்டச் சொன்னார்.

“எத்தனை கயிறு இருக்கு, எண்ணிச் சொல்லுங்க.”

நான்கு இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அக்கா எப்போதோ சொல்லியிருக்கிறாள். குனிந்து பார்த்தேன். ஒளி முதல் கயிற்றில் பட்டு, அதன் நிழல் மற்றவற்றின் மேல் விழுந்தது.

“மூணுதான் தெரியுது” என்றேன்.

“அப்போ மூணுன்னே சொல்லுங்க” என்றார் கயிறு, என் இடுப்பில் வாரை மாட்டி இறுக்கிக்கொண்டே. “நாலாவது தெரியற வரைக்கும் நாலுன்னு சொல்லாதீங்க. இப்போ இன்னும் கிட்டப் போங்க.”

பின்னால் படியில் அக்கா எழுந்து நிற்கும் ஓசை கேட்டது. நான் டார்ச்சை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினேன்.